வெள்ளையா, நிறமா? அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஜெர்சிக்கு ஏன் இத்தனை சண்டை

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தை (பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடும் ஆட்டம், நாமறிந்த கால்பந்து அல்ல) அண்மையில் பார்க்கத் தொடங்கிய ஒருவர் கேட்ட கேள்வி இது. பெரும்பாலான அணிகள் சொந்த மைதானத்தில் நிற ஜெர்சியும் வெளியூரில் வெள்ளையும் அணிகின்றன. ஆனால் லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அணியான எல்.எஸ்.யூ. சொந்த ஊரிலேயே வெள்ளையில் இறங்குகிறது; லாஸ் ஏஞ்சலஸின் பல்கலைக்கழக அணிகளான யூ.எஸ்.சி.யும் யூ.சி.எல்.ஏ.வும் மோதும்போதோ இரண்டுமே நிறத்தில் வருகின்றன. அப்படியானால் விதி என்று ஒன்று இருக்கிறதா, இருந்தால் ரசிகர்கள் அதன்மேல் ஏன் இவ்வளவு எரிச்சல் கொள்கிறார்கள், எதை உடுத்துவது என்பதை அந்தந்த அணியிடமே விட்டுவிட்டால்தான் என்ன?

விதி இருக்கிறது. ஆனால் அது எந்த நோக்கத்துக்காக எழுதப்பட்டதோ அந்த நோக்கமும், அது எழுதப்பட்ட சொற்களும் நெடுங்காலம் ஒத்துப்போகவில்லை. களத்தில் நிற்கும் இரண்டு அணிகளும் கண்ணுக்குப் பளிச்சென்று வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்பதுதான் நோக்கம். அதற்கு எளிய வழியாக ஒருவர் வெள்ளை, மற்றவர் நிறம் என்று வகுத்தார்கள். அந்த வெள்ளையை வெளியூர் அணியே அணிய வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார்கள். முதல் பகுதிக்கு ஆட்டத்தில் காரணம் உண்டு. இரண்டாவது பகுதி நிர்வாக வசதிக்கானது. ரசிகர்களின் பழைய மனக்குறைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது பகுதியிலிருந்து முளைத்தவை என்பதே என் கருத்து.

முதல் பகுதியின் நியாயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பந்து கைக்கு வந்த கணத்திலிருந்து, அதை எறியும் ஆட்டக்காரரான குவார்ட்டர்பேக்குக்குக் கிடைப்பது ஏறத்தாழ மூன்று விநாடிகள். தன்மேல் பாய்ந்து வருகிறவர்களைச் சமாளித்தபடியே, முப்பது கெஜத்துக்கு அப்பால் ஓடுகிறவன் தன் ஆளா எதிராளியா என்பதை அவர் முகம் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. கண்ணில் பட்ட நிறத்தை வைத்தே கை முடிவெடுக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் தலைக்கவசத்தில் சிறகு விரித்தாற்போல் இருக்கும் மஞ்சள் வடிவம் இன்று கல்லூரிக் கால்பந்தின் புனிதச் சின்னங்களுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. 1938-இல் பயிற்சியாளர் ஃபிரிட்ஸ் கிரைஸ்லர், தாம் முன்பு பணியாற்றிய பிரின்ஸ்டனில் கையாண்ட அந்த வடிவத்தை மிச்சிகனுக்குக் கொண்டுவந்தபோது, பந்தை எறிபவர் தூரத்தில் ஓடும் தன் ஆட்களை எளிதில் அடையாளம் காணலாம் என்ற கணக்கும் அதில் இருந்தது. இன்று மரபு என்று கைகூப்பப்படும் பலவும் இப்படி ஏதோ ஒரு தேவைக்குப் பிறந்தவைதாம். கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிக் காலத்தில் அந்தத் தேவை இன்னும் கூடியது. சிவப்பும் பச்சையும் திரையில் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் வீட்டில் இருப்பவர் எந்த அணியின் ஆட்டத்தை ரசிப்பது?

இனி எல்.எஸ்.யூ. கதைக்கு வருவோம், இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1958-இல் அந்த அணியின் பயிற்சியாளராக இருந்த பால் டீட்ஸல், சொந்த மைதானத்திலும் வெள்ளை ஜெர்சியே அணிவது என்று முடிவு செய்தார். அந்த ஆண்டு அணி ஒரு போட்டியிலும் தோற்காமல் தேசியப் பட்டத்தை வென்றது. வென்ற சட்டையை யார் கழற்றுவார்கள்? அன்று முதல் பேட்டன் ரூஜ் நகரின் டைகர் ஸ்டேடியத்தில் சனிக்கிழமை இரவு என்றால் வெள்ளை ஜெர்சி, பொன்னிறக் கால்சட்டை என்பது ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது. கால் நூற்றாண்டு இப்படிக் கழிந்த பிறகு, உள்ளூர் அணி நிற ஜெர்சிதான் அணிய வேண்டும் என்று 1983-இல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. கட்டாயமாக்கியது. எல்.எஸ்.யூ. 1994 வரை சொந்த மைதானத்தில் ஊதாவிலும் பொன்னிறத்திலும் ஆடியது.

இங்கே ரசிகர் மனம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 1989 முதல் 1994 வரை தொடர்ந்து ஆறு பருவங்களில் அணி வென்றதைவிடத் தோற்றது அதிகம். ஊதாதான் தரித்திரம் என்று ஊரே பேசியது. அதே ஊதாக் காலத்தில்தான் 1986-இல் எஸ்.இ.சி. எனப்படும் தென்கிழக்கு கான்ஃபரன்ஸின் (தங்களுக்குள் ஆடும் கல்லூரி அணிகளின் கூட்டமைப்பே கான்ஃபரன்ஸ்) பட்டத்தை வென்றதும், 1988-இல் அதைப் பகிர்ந்துகொண்டதும் நடந்தன என்பதை யாரும் நினைவுகூரவில்லை. ராசி பார்க்கிறவருக்குக் கணக்குப் புத்தகம் தேவைப்படுவதில்லை. இருந்தாலும் அவர்களுடைய எரிச்சலின் அடியில் நியாயம் இருந்தது: எல்.எஸ்.யூ. வெள்ளை அணிந்து, வந்த அணி தன் நிறத்தை அணிந்தால், களத்தில் வேறுபாடு துளியும் குறையாது. விதியின் நோக்கத்துக்கு எந்தக் கேடும் இல்லாதபோது அதன் சொற்களுக்காக மட்டுமே ஒரு வழக்கம் பறிக்கப்பட்டது.

1995-இல் புதிதாகப் பொறுப்பேற்ற பயிற்சியாளர் ஜெர்ரி டினார்டோ, விதிக்குழு உறுப்பினர்களை ஒவ்வொருவராகச் சந்தித்துப் பேசி, வெளியூர் அணி சம்மதித்தால் உள்ளூர் அணி வெள்ளை அணியலாம் என்ற திருத்தத்தைப் பெற்று வந்தார். அந்த ஆண்டு செப்டம்பரில் வெள்ளை திரும்பிய முதல் உள்ளூர்ப் போட்டியிலேயே, தரவரிசையில் முன்னணியில் இருந்த ஆபர்ன் அணியை எல்.எஸ்.யூ. 12-6 என்று வீழ்த்தியது. ராசிக்காரர்களின் வாயை இனி யாரால் அடைக்க முடியும்?

ஆனால் சம்மதம் என்ற சொல்லில் ஒரு முள் இருந்தது. 1996-இல் வாண்டர்பில்ட் அணி பேட்டன் ரூஜுக்கு வந்தபோது, வெள்ளைக்குச் சம்மதிக்க மறுத்துவிட்டது. டினார்டோ எல்.எஸ்.யூ.வுக்கு வந்தது வாண்டர்பில்ட்டின் பயிற்சியாளர் பதவியை விட்டுவிட்டுத்தான் என்பதைச் சொன்னால் மீதியை ஊகித்துக்கொள்ளலாம். எல்.எஸ்.யூ. அன்று பொன்னிற ஜெர்சியில் இறங்கி 35-0 என்று வென்றது. உடை விதி பழைய கணக்கைத் தீர்க்கும் கருவியாக மாறக்கூடும் என்று கண்ட எஸ்.இ.சி., 1997 முதல் தன் அணிகளுக்குள் நடக்கும் ஆட்டங்களில் தேர்வுரிமையை உள்ளூர் அணிக்கே கொடுத்துவிட்டது. தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.-இல் இந்த உரிமை நெடுங்காலமாகவே உள்ளூர் அணியிடம் இருக்கிறது. டல்லஸ் கவ்பாய்ஸ் அணி 1960-களிலிருந்து சொந்த மைதானத்தில் வெள்ளை அணிந்து வருவது அதனால்தான். வெளியூர் ஆட்டங்களிலும் எதிரணி பெரும்பாலும் தன் நிறத்தையே தேர்ந்தெடுப்பதால், எல்.எஸ்.யூ.வின் பெயரோடு ஒட்டிய ஊதா ஜெர்சி பருவத்தில் எப்போதாவதுதான் கண்ணில் படுகிறது என்பது இதில் உள்ள வேடிக்கை.

இரண்டாவது கதை லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் நடந்தது. யூ.எஸ்.சி.யும் யூ.சி.எல்.ஏ.வும் ஒரே நகரத்து அணிகள். 1981 வரை இரண்டுக்கும் சொந்த மைதானம் கொலீசியமாகவே இருந்தது. அங்கே ஆடும்போது ஒன்று கருஞ்சிவப்பும் பொன்னும், மற்றது நீலமும் பொன்னுமாக, இரண்டும் தங்கள் நிறங்களிலேயே மோதின. 1982-இல் யூ.சி.எல்.ஏ. பாசடீனாவின் ரோஸ் போல் மைதானத்துக்குக் குடிபெயர்ந்தது, விதியும் இறுகியது, இரு நிறங்கள் மோதும் அந்தக் காட்சி ஏறத்தாழ கால் நூற்றாண்டு காணாமல் போனது. நீலத்தையும் சிவப்பையும் பிரித்தறியக் கண்ணுள்ள யாருக்கும் வெள்ளை தேவையில்லை என்பதால், இங்கும் நோக்கம் ஒரு பக்கம் நிற்க, சொற்கள் மட்டுமே தடையாக இருந்தன.

2008 டிசம்பரில் யூ.எஸ்.சி. பயிற்சியாளர் பீட் கேரல், ரோஸ் போலுக்கு வெளியூர் அணியாகச் செல்லும்போது வெள்ளை அணியப்போவதில்லை என்று முன்கூட்டியே அறிவித்தார். விதியை மீறினால் ஒரு டைம் அவுட், அதாவது ஆட்டத்தைச் சற்று நிறுத்தக் கேட்கும் உரிமை ஒன்று, பறிபோகும், போகட்டும் என்றார். ஒவ்வொரு பாதியிலும் ஓர் அணிக்குக் கிடைப்பவை மூன்று டைம் அவுட்டுகள்; நெருக்கமான ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் ஒவ்வொன்றும் பொன். கருஞ்சிவப்பில் யூ.எஸ்.சி. களமிறங்கி, முதல் கிக் ஆஃப் முடிந்ததும், நடுவர் அந்த அணியிடமிருந்து ஒரு டைம் அவுட்டைப் பறித்தார். உடனே யூ.சி.எல்.ஏ. பயிற்சியாளர் ரிக் நியூஹைசல், எந்தத் தேவையும் இல்லாமல், தம் அணியின் டைம் அவுட் ஒன்றைக் கேட்டு வாங்கி வீணாக்கினார். இரு அணிகளுக்கும் மீதம் இரண்டிரண்டு, கணக்கு நேர். பரம எதிரிகள் என்று பெயர்பெற்ற இரு அணிகள் ஒரு விதியை எதிர்த்துக் கைகோத்த அந்தக் காட்சியை நான் பலமுறை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அந்த ஆட்டத்தை யூ.எஸ்.சி. 28-7 என்று எளிதாகவே வென்றது என்பதால், ஆட்டத்தைவிட அதன் தொடக்கமே நினைவில் நிற்கிறது.

அடுத்த ஆண்டே விதி மாறியது. இரு அணிகளும் பருவத்துக்கு முன்பே எழுத்தில் ஒப்புக்கொண்டு, நிறங்கள் போதிய அளவு வேறுபடுகின்றன என்று உள்ளூர் அணியின் கான்ஃபரன்ஸ் உறுதி செய்தால், இருவருமே நிறத்தில் ஆடலாம். இருபத்தைந்து ஆண்டுகள் ரசிகர்கள் முணுமுணுத்தும் அசையாத விதி, ஒரே ஒரு டைம் அவுட்டில் அசைந்தது.

விதி நோக்கத்தை மறந்த இடங்களைச் சொன்னேன். நோக்கம் உண்மையிலேயே கேள்விக்குள்ளான இடமும் ஒன்று உண்டு. ஐடஹோவின் பாய்ஸி ஸ்டேட் அணி 1986 முதல் நீல நிறச் செயற்கைப் புல்தரையில் ஆடி வருகிறது. அந்த நீலத்தின்மேல் தலைமுதல் கால்வரை நீலம் உடுத்தி நின்றால் ஆட்கள் தரையோடு கலந்துவிடுகிறார்கள் என்று எதிரணிகள் புகார் செய்தன. 2011-இல் அந்த அணி மவுண்டன் வெஸ்ட் கான்ஃபரன்ஸில் சேர்ந்தபோது, கான்ஃபரன்ஸ் ஆட்டங்களில் சொந்த மைதானத்தில் முழு நீலம் அணியக் கூடாது என்ற நிபந்தனை விதிக்கப்பட்டது. பாய்ஸி ரசிகர்கள் கொதித்தார்கள், பொறாமை என்றார்கள். வேறு கான்ஃபரன்ஸுக்குப் போவதாக இருந்த அந்த அணியைத் தக்கவைக்க வேண்டிய நிலை மவுண்டன் வெஸ்டுக்கு வந்தபோது, அந்த நிபந்தனை சத்தமில்லாமல் விலக்கிக்கொள்ளப்பட்டது. பச்சைப் புல்லின்மேல் பச்சை ஜெர்சி அணியும் அணிகளைப் பற்றி யாரும் வாய்திறப்பதில்லை என்ற பாய்ஸி ரசிகர்களின் வாதத்துக்கு இன்றுவரை நல்ல பதிலை நான் கேட்டதில்லை.

எண்கள் விஷயத்தில் மட்டும் நான் தயக்கமின்றி விதியின் பக்கம். ஜெர்சியின் முன்புற எண் குறைந்தது 8 அங்குலமும் பின்புற எண் 10 அங்குலமும் உயரம் இருக்க வேண்டும். 2013 முதல், எண்ணைச் சுற்றி எந்த ஓரக்கோடு இருந்தாலும், எண்ணின் நிறமே ஜெர்சியின் நிறத்திலிருந்து தெளிவாக வேறுபட வேண்டும் என்பதும் விதியில் வலியுறுத்தப்பட்டது. இதை அழகுணர்ச்சியற்ற அதிகாரிகளின் கெடுபிடி என்று சில இளைய ரசிகர்கள் கேலி செய்வதுண்டு. ஆனால் இந்த ஆட்டத்தில் எண் என்பது அடையாள அட்டை. 50 முதல் 79 வரை எண் கொண்டவர் முன்னோக்கி எறியப்படும் பந்தைப் பிடிக்கத் தகுதியற்றவர். அந்த எண்ணைப் படிக்க முடியாவிட்டால் நடுவரின் தீர்ப்பே ஆட்டம் காணும்.

இது எனக்கு அனுபவப் பாடமும்கூட. ஒருமுறை மைதானத்தின் மேல் அடுக்கில் அமர்ந்து ஓர் ஆட்டம் பார்த்தேன். உள்ளூர் அணி அன்றைக்கென்று தைத்த சாம்பல் ஜெர்சியில், அதைவிடச் சற்றே வெளுத்த வெள்ளி எண்களோடு வந்திருந்தது. கடையில் மாட்டியிருந்தபோது அந்த ஜெர்சி அழகாகத்தான் இருந்தது. மாலை வெயில் சாய்ந்ததும் எண்கள் அடியோடு மறைந்துபோயின. பக்கத்து இருக்கையில் காதில் வானொலியை வைத்திருந்த முதியவரிடம், பந்தை எடுத்துக்கொண்டு ஓடியது யார் என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "வர்ணனையாளருக்கும் தெரியவில்லையாம் தம்பி, யாரோ ஓடினார் என்கிறார்" என்றார். முப்பது ஆண்டுகளாகப் பருவச் சீட்டு வாங்கி வருகிறவர் அவர். தம் அணியின் ஆட்டக்காரர்களை நடையை வைத்தே அடையாளம் சொல்லக்கூடியவர். அன்று பாதியாட்டம் வரை தொப்பியைக் கழற்றுவதும் போடுவதுமாகவே இருந்தார்.

அந்தச் சாம்பல் ஜெர்சியோடு கேள்வியின் மறுபாதிக்கு வந்துவிட்டோம். இன்று ரசிகர்களின் எரிச்சல் பெருமளவுக்கு இடம் மாறியிருக்கிறது. விதி எங்கள் வழக்கத்தைக் கெடுக்கிறது என்பது பழைய புகார். விதி எதையும் தடுக்காததால் எங்கள் வழக்கம் கெடுகிறது என்பது புதிய புகார். எத்தனை விதமான ஜெர்சி வைத்திருக்கலாம் என்பதற்கு என்.சி.ஏ.ஏ. வரம்பு எதுவும் விதிக்கவில்லை. இந்தக் கதவைத் திறந்தது ஆரிகன் பல்கலைக்கழகம். அதன் முன்னாள் மாணவரும் ஓட்டப்பந்தய வீரருமான ஃபில் நைட் நிறுவிய நைக்கி நிறுவனம், 1990-களின் இறுதியிலிருந்து அந்த அணியைத் தன் சோதனைக்கூடமாகவே மாற்றியது; வாரத்துக்கொரு தலைக்கவசம், வாரத்துக்கொரு சேர்க்கை. பழைய பெருமை அதிகம் இல்லாத ஓர் அணி, பதினேழு பதினெட்டு வயது ஆட்டக்காரர்களின் கண்ணைக் கவர்ந்து தன்பக்கம் இழுக்க அது நல்ல உத்தியாக இருந்தது, வேலையும் செய்தது. 2011-இல் மேரிலாந்து அணி தன் மாநிலக் கொடியையே இரு பாதியாகத் தலைக்கவசத்திலும் தோளிலும் பூட்டிக்கொண்டு மியாமி அணியை எதிர்கொண்டது. அதைத் தைத்த அண்டர் ஆர்மர் நிறுவனத்தைத் தொடங்கிய கெவின் பிளாங்க் அதே அணியின் முன்னாள் ஆட்டக்காரர். பார்த்தவர்களில் பாதிப்பேர் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள், மீதிப்பேர் கைதட்டினார்கள். ஆனால் மறுநாள் நாடு முழுக்க மேரிலாந்தைப் பற்றித்தான் பேச்சு. வந்த பயன் அதுதான்.

இதற்குப் பின்னால் உள்ள பணத்தையும் சொல்லிவிட வேண்டும். 2016-இல் ஒகையோ ஸ்டேட் பல்கலைக்கழகம் நைக்கியோடு 15 ஆண்டுகளுக்கு 25.2 கோடி டாலர் மதிப்பிலான ஒப்பந்தம் செய்தது. அதே ஆண்டு யூ.சி.எல்.ஏ. அண்டர் ஆர்மரோடு 15 ஆண்டுகளுக்கு 28 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. நான்கே ஆண்டுகளில் அந்த நிறுவனம் அதிலிருந்து விலகியது. இவ்வளவு கொடுக்கும் நிறுவனம் ஆண்டுதோறும் கடையில் தொங்கவிடப் புதிதாக ஒன்றைத் தேடுவது இயல்பு. ரசிகருக்கு எரிவதும் அங்கேதான்: தாத்தா காலத்து நிறத்தைத் தன் அணி கழற்றிவிட்டுச் சாம்பலிலும் கறுப்பிலும் வருகிறது, அந்த முடிவில் பல்கலைக்கழக ஊரைச் சேர்ந்த யாருக்கும் பங்கில்லை.

ஆயினும் மாற்றம் என்றாலே ரசிகர்கள் வெறுப்பார்கள் என்பது சரியில்லை. 1977 அக்டோபரில் நோட்ர டேம் அணி யூ.எஸ்.சி.க்கு எதிராக நீல ஜெர்சியில் பயிற்சி எடுத்துவிட்டு உடைமாற்றும் அறைக்குப் போனது. அங்கே பயிற்சியாளர் டான் டிவைன் பச்சை ஜெர்சிகளை எடுத்து வைத்திருந்தார். பச்சையில் அணி வெளியே ஓடிவந்ததைப் பார்த்த மைதானம் அதிர்ந்தது. 49-19 என்று வென்று, அந்தப் பருவத்தின் தேசியப் பட்டத்தையும் அந்த அணி பெற்றது. இன்றுவரை அந்த ரசிகர்கள் அதைச் சொல்லிப் பூரிக்கிறார்கள். ஜார்ஜியா அணி 2007-இல் கறுப்பு ஜெர்சியில் ஆபர்னை 45-20 என்று நொறுக்கியபோதும் அப்படித்தான். அடுத்த ஆண்டு அலபாமாவுக்கு எதிராக அதே கறுப்பை, முன்னறிவிப்போடு, ரசிகர்களையும் கறுப்பில் வரச்சொல்லி மறுபடி அணிந்தது. பாதியாட்டத்தில் 0-31. ஆட்டம் 30-41 என்று முடிந்தபோது, சொந்தச் சிவப்பை விட்டதற்கு வந்த தண்டனை என்று சொன்னவர்கள் பலர். ஒருமுறை விருந்து என்றால் மகிழ்வார்கள். அதையே நாள்காட்டியில் குறித்துவைத்து விற்றால் முகம் சுளிப்பார்கள்.

பென் ஸ்டேட் ஒரு தனி உதாரணம். ஜெர்சியில் ஆட்டக்காரரின் பெயரே இருக்காது, அலங்காரமும் இல்லை, நீலமும் வெள்ளையும் கறுப்புக் காலணியும் மட்டுமே என்பது அந்த அணியின் அடையாளம். 2012-இல் அந்தப் பல்கலைக்கழகம் கடும் தண்டனைக்கு உள்ளாகி, விரும்பினால் ஆட்டக்காரர்கள் வேறு கல்லூரிக்குப் போகலாம் என்ற நிலை வந்தபோது, போகாமல் நின்றவர்களைச் சிறப்பிக்கப் பயிற்சியாளர் பில் ஓபிரையன் முதுகில் பெயர்களைப் பொறித்தார். மரபு உடைந்தது, ஆனால் எதற்காக உடைந்தது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்ததால் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டார்கள். 2015-இல் ஜேம்ஸ் ஃபிராங்க்ளின் பெயர்களை நீக்கி வெற்று முதுகைத் திரும்பக் கொண்டுவந்தார்.

கடைசியாக, விருப்பத்துக்கு விட்டுவிட்டால் என்ன என்ற கேள்வி. பெரும்பகுதி ஏற்கெனவே விட்டாகிவிட்டது: உள்ளூர் அணி வெள்ளை அணியலாம், ஒப்புக்கொண்டால் இருவரும் நிறம் அணியலாம், எண் தெரிந்தால் போதும். என்னிடம் பேனாவைக் கொடுத்தால் இன்னும் இரண்டு இடங்களில் மட்டும் கைவைப்பேன். எல்லாக் கான்ஃபரன்ஸ்களிலும் தேர்வுரிமையை உள்ளூர் அணிக்கே கொடுத்துவிடுவேன். பருவத்துக்கு முன்பே எழுத்து ஒப்பந்தம் என்ற கெடுவை, ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு என்று தளர்த்துவேன். எண்ணைப் பற்றிய வரியில் ஒரு புள்ளியைக்கூடத் தொடமாட்டேன். தொட்டால் அந்தப் பருவச் சீட்டுக்காரர் என்னைச் சும்மா விடமாட்டார்.